‘போதிய’ன்னா எவ்வளவு?

‘போதிய பிரதிநிதித்துவம் இல்லை.’ செய்தியில அடிக்கடி காதுல விழுற வாக்கியம். இன்னைக்கு எபிசோட்ல நான் பேசப்போறது அதுல இருக்கிற முதல் சொல்லைப் பத்தி மட்டும்தான்.

நம்ம ஊர்ல இதுக்கு முன்னாடி புழங்கினது ‘வகுப்புவாரி பிரதிநிதித்துவம்’. அதுல கணக்கு வெளிப்படையா இருந்துச்சு. சென்னை மாகாணத்தோட கம்யூனல் ஜி.ஓ., கல்லூரியில 14 இடம்னா பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2 (உத்தரவுல இருந்த சொல் அது), கிறிஸ்தவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1னு பிரிச்சுது. பங்கு சரியில்லைன்னு சண்டை போடலாம், ஆனா சண்டை போட ஒரு எண் இருந்துச்சு.

1950ல அரசமைப்புச் சட்டம் வந்தப்போ அந்த எண் போயிடுச்சு. அரசுப் பணிகளில் ‘போதிய பிரதிநிதித்துவம் இல்லை’ என்று அரசு கருதும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு இடம் ஒதுக்கலாம்னு சொல்லுது 16(4). எது போதும்? சொல்லலை. வேடிக்கை என்னன்னா, அதே சட்டத்தோட 330வது பிரிவு, மக்களவையில பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி இடம் தருது. நாடாளுமன்றத்துக்கு விகிதம், ஆபீசுக்கு ‘போதிய’!

1951 ஏப்ரல் 9. செண்பகம் துரைராஜன் வழக்குல கல்லூரி ஜி.ஓ. உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டுது. அதே நாள் முன்சீப் வேலை பத்தின இன்னொரு தீர்ப்பு. அதுல அரிஜனங்கள், பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கான ஒதுக்கீட்டை மட்டும் 16(4) காப்பாத்துச்சு. மத்த பங்கெல்லாம் காலி.

1992ல மண்டல் வழக்குல நீதிமன்றம் தெளிவாவே சொல்லிடுச்சு: போதிய அளவு வேற, விகிதாசாரம் வேற. 2006ல நாகராஜ் வழக்கு, பதவி உயர்வுல ஒதுக்கீடு வேணும்னா போதாமைக்கு அரசு புள்ளிவிவரம் காட்டணும்னு கேட்டுது. சரி, எந்த அளவுகோல் வச்சுக் காட்டறது? அதை வகுக்க 2022ல நீதிமன்றமே மறுத்துடுச்சு. மாநிலங்களே பாத்துக்கட்டும்னு விட்டுட்டாங்க. அளவே சொல்லாம ஆதாரம் கேக்கிறது எனக்கு நியாயமாப் படல.

ஆனா அதே தீர்ப்புல ஒண்ணு முக்கியம். மொத்தத் துறைக்கும் சேர்த்து எண்ணக்கூடாது, பதவி அடுக்கு அடுக்கா எண்ணணும்னு சொன்னாங்க. ஏன்னா ஒரு துறையில 100க்கு 20 பேர் இருக்காங்கன்னு கணக்கு காட்டிடலாம். அந்த 20 பேருமே பெருக்கவும் ஃபைல் தூக்கவும் மட்டும் இருந்தா?