இலத்திரனியல் ஒப்பமும் அதன் சாட்சியும்

நம் நாட்டிலே காணியொன்றை விற்போர், நொத்தாரிசும் இரு சாட்சிகளும் காணக் கையொப்பமிடல் வேண்டும். 1840 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்த முறை இது. ஒப்பமிட்டவர் இன்னாரே எனச் சொல்லுதற்குப் பிறர் வேண்டும் என்பது அதன் உட்கருத்தாகும். தாளும் மையும் இல்லாத இலத்திரனியல் வணிகத்திலே அச்சாட்சி யார்? அவ்வினாவின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1976 இல் டிஃபி, ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் புதுவழியொன்றைக் கூறினர். ஒருவரிடம் இரு திறவுகோல்கள் உள. ஒன்று மறைவானது, மற்றது யாவரும் அறிவது. மறைவான திறவுகோலால் இட்ட ஒப்பத்தைப் பொதுத் திறவுகோலால் எவரும் சோதித்தறியலாம். இதனை நிறைவேற்றும் கணித முறையை மறு ஆண்டிலே ரிவெஸ்ற், சமீர், ஏடில்மன் என்னும் மூவர் கண்டனர். பத்திரத்தில் ஓரெழுத்து மாறினும் ஒப்பம் பொருந்தாது.

ஆயினும், அத்திறவுகோல் யாருக்குரியது என்பதைக் கணிதம் சொல்லமாட்டாது. ஆதலின், அதற்குச் சான்றுரைக்கும் நிலையங்கள் தோன்றின. அவற்றுக்கு உரிமம் வழங்கும் சட்டத்தை அமெரிக்காவின் யூற்றா மாநிலம் 1995 இல் முதன்முதல் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 1999 இலும் இலங்கை 2006 இலும் இத்துறையிற் சட்டங்களை ஆக்கின.

நெதர்லாந்திலே 1998 இல், நொத்தாரிசுமாரின் தொடர்போடு டிஜிநோட்டார் என்னும் சான்று நிலையம் எழுந்தது. அந்நாட்டு அரசாங்கமே அதன் சான்றிதழ்களைப் பயன்படுத்தியது. 2011 நடுவில் அயலார் அதன் கணினிகளுட் புகுந்து, கூகிள் முதலிய பெயர்களில் 500 இற்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை ஆக்கினர். அவற்றுள் ஒன்றைக் கொண்டு ஈரானிலே மக்களின் தொடர்புகள் இடைமறிக்கப்பட்டன. களவை யூலையிலேயே அறிந்தும் நிலையம் அதனை உலகுக்கு உரைக்கவில்லை. ஓகஸ்ற் இறுதியில் உண்மை வெளிப்பட்டது. இணைய உலாவிகளை ஆக்குவோர் அதன் சான்றுகளை ஏற்க மறுத்தனர். செப்ரெம்பரிலே நிலையம் வங்குரோத்தடைந்தது.

இங்கே கணிதம் தவறவில்லை; சாட்சியே தவறியது. காவலிற் குறைந்தது ஒரு குற்றம். குறையை மறைத்தது அதனினும் பெரிய குற்றம். இலங்கையின் 2006 ஆம் ஆண்டுச் சட்டம் மரணசாதனத்தையும் காணி விற்பனையையும் தன் எல்லைக்குப் புறத்தே நிறுத்தியமை ஈண்டு நினைக்கத்தக்கது. ஒப்பத்தின் வடிவம் காலந்தோறும் மாறலாம். அதற்குச் சான்றுரைப்போன் நேர்மையுடையவனாதல் வேண்டும் என்னும் நியதியோ மாறுவதன்று.