இந்தியாவில் மறுவாழ்வுச் சட்டங்கள்

செயற்கைக் கால் பொருத்துதல், இயன்முறை மருத்துவம், பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி, தொழிற்பயிற்சி ஆகியவற்றைச் சேர்த்து மறுவாழ்வுப் பணிகள் என்கிறோம். இந்தியாவில் நெடுங்காலம் இவை தொண்டு நிறுவனங்களின் ஈகையாகவும் அரசின் நலத்திட்டமாகவுமே இருந்தன. கிடைத்தவர் பெற்றுக்கொண்டார், கிடைக்காதவர் உரிமையாகக் கேட்க வழியில்லை.

முதலில் வந்த சட்டம் பணியாளர்களைப் பற்றியது. 1986-இல் சங்கமாகத் தொடங்கிய இந்திய மறுவாழ்வு மன்றம், 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1993 ஜூனில் சட்டபூர்வ அமைப்பாயிற்று. பயிற்சிப் படிப்புகளின் தரத்தை வகுப்பதும் தேர்ந்தவர்களின் பதிவேட்டைப் பேணுவதும் இதன் பணி. பதிவு இல்லாமல் இப்பணி செய்வோருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

பயனாளிகளுக்கான சட்டம் 1995-இல் நிறைவேறி, 1996 பிப்ரவரி 7 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழு வகை ஊனங்களை அது ஏற்றது. சான்றிதழ் பெற 40 விழுக்காடு பாதிப்பு இருக்க வேண்டும். அதன் 66-ஆம் பிரிவு மறுவாழ்வு அளிப்பதை அரசின் கடமையாக்கியது. ஆனால் 'பொருளாதார வசதிக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு' என்ற பொருளில் ஒரு தொடர் அதில் இருந்தது. நிதி இல்லை என்று கையை விரிக்க அந்த ஒரு தொடர் போதும்.

ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1-இல் ஏற்றது. மறுவாழ்வை இயன்றவரை சீக்கிரமாகத் தொடங்க வேண்டும், சிற்றூர்களிலும் அவரவர் வாழும் இடத்துக்கு அருகிலேயே அளிக்க வேண்டும் என்கிறது அதன் 26-ஆம் உறுப்பு. இதற்கு ஏற்ப வந்ததே 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ஏழு வகைகள் இருபத்தொன்றாயின. புற உலகச் சிந்தனையற்ற நிலை, தசைச்சிதைவு, தலசீமியா, அமில வீச்சால் நேர்ந்த பாதிப்பு முதலியவை சேர்ந்தன. கற்றல் குறைபாடும் சேர்ந்தது. எழுத்துகளை மாற்றி எழுதிய பிள்ளைகளை 'மக்கு' என்று ஒதுக்கிய ஆசிரியர் தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இந்த ஒரு சேர்க்கையின் அருமை எனக்குத் தெரியும்.

ஆயினும் மறுவாழ்வு பற்றிய 27-ஆம் பிரிவில் அதே பழைய நிபந்தனை தொடர்கிறது. 25-ஆம் பிரிவு இதைவிடத் தெளிவானது. அருகிலேயே, குறிப்பாகக் கிராமப்புறங்களில், குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு இலவச மருத்துவ வசதி தரச் சொல்கிறது. சேவை மறுக்கப்பட்டால் மாநில ஆணையரிடம் முறையிடலாம். அவர் பரிந்துரைத்ததை ஏற்காத அலுவலகம் அதற்கான காரணத்தை மூன்று மாதத்திற்குள் தெரிவித்தாக வேண்டும்.