கார் முகப்பு விளக்குக்கு எல்இடி பல்பு: மலிவா, தரமா?

லெம்பா பெர்த்தாம் பக்கம் மாலை மங்கினால் பனிமூட்டம் சாலையில் இறங்கிவிடும். வளைவில் காய்கறி லோரி எதிரே வரும். வேலை முடிந்தவர்கள் சாலை ஓரமாக நடந்து வருவார்கள். அந்த நேரத்தில் பழைய காரின் மஞ்சள் வெளிச்சம் போதவில்லை என்று தோன்றுவது இயல்புதான். இணையத்தில் தேடினால் 20, 30 ரிங்கிட்டுக்கே ஒரு ஜோடி எல்இடி பல்பு கிடைக்கிறது. பெயர்பெற்ற நிறுவனங்களின் பல்பு என்றால் அதைப் போலப் பல மடங்கு விலை. எதை வாங்குவது என்று யோசிக்கும் முன், வெளிச்சம் எவ்வளவு என்பதைவிட அது எங்கே விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

விளக்கு வேலை செய்யும் விதம்

பல சிறிய கார்களில் இருப்பது எச்4 வகை ஹாலஜன் பல்பு. அதன் சக்தி 60/55 வாட். ஹை பீமில் சுமார் 1,650 லூமென், லோ பீமில் சுமார் 1,000 லூமென் வெளிச்சம் தரும். அதனுள் இரண்டு மெல்லிய கம்பிச் சுருள்கள் உள்ளன. லோ பீம் சுருளுக்குக் கீழே கிண்ணம் போன்ற சிறு தகடு ஒன்று இருக்கும். வெளிச்சம் மேல்நோக்கிப் போகாமல் தடுப்பது அந்தத் தகடுதான். விளக்கின் பிரதிபலிப்பான், சுருள் இருக்கும் சரியான இடத்தைக் கணக்கிட்டே செய்யப்படுகிறது.

மலிவான எல்இடி பல்பில் ஒளி தரும் சில்லுகள் இரு பக்கமும் ஒட்டப்பட்டிருக்கும். அவை சுருளைவிடப் பெரிதாக இருந்தாலோ, ஒரு மில்லிமீட்டர் விலகி இருந்தாலோ வெளிச்சம் சிதறிவிடும். அதில் ஒரு பகுதி எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும். இன்னொரு பகுதி பனிமூட்டத்தில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பும். காருக்கு முன்னால் சாலை பளிச்சென்று வெளுத்திருக்கும். தூரத்தில் நடந்து வருபவர் மட்டும் தெரியமாட்டார்.

2017இல் வந்த மூன்றாம் தலைமுறை பெரோடுவா மைவியில் எல்இடி முகப்பு விளக்கு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அதில் விளக்கு முழுவதுமே எல்இடிக்காக வடிவமைக்கப்பட்டது. பழைய மைவியின் ஹாலஜன் விளக்கில் எல்இடி பல்பை மட்டும் செருகுவதால் அது புதிய மைவியின் விளக்காகிவிடாது.

பெட்டியில் எழுதியிருப்பது

மலிவான பல்புப் பெட்டிகளில் 20,000 லூமென் என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். வாகன எல்இடி ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமென் தருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 25 வாட் பல்பு என்றால் சுமார் 2,500 லூமென்தான். பெட்டியில் உள்ள எண்ணை இப்படி வகுத்துப் பார்த்தாலே பொய் தெரிந்துவிடும்.

அடுத்தது வெப்பம். ஹாலஜன் பல்பின் வெப்பம் பெரும்பாலும் முன்பக்கமாக வெளியேறும். எல்இடியின் வெப்பம் பின்னால் அடிப்பகுதியில் தங்கும். அதை வெளியேற்ற நல்ல அலுமினியத் தகடோ, சிறு விசிறியோ வேண்டும். சேறும் ஈரமும் படும் வண்டியில் மலிவான விசிறி நின்றுபோனால் சில்லு சூடேறி வெளிச்சம் குறையும். பிறகு பல்பே அணைந்துபோகும். எல்இடி விளக்கின் கண்ணாடி அவ்வளவாகச் சூடாவதில்லை. அதனால் குளிர்ந்த இரவில் உள்ளே படியும் ஈரப்பதம் போவதற்கும் நேரமாகும்.

வட்டத்துக்குள் இருக்கும் ‘ஈ’ முத்திரையையும் கவனித்துப் படிக்க வேண்டும். அதனுடன் 10ஆர் என்று இருந்தால், பல்பு வானொலிக்கும் மற்ற மின்கருவிகளுக்கும் இடையூறு செய்யாது என்று மட்டுமே பொருள். வெளிச்சம் சரியாக விழும் என்பதற்கு அது சான்று அல்ல. ஜெர்மனியில் 2020இல் ஓஸ்ராம் நிறுவனத்தின் மாற்று எல்இடி பல்பு ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் பரிசோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார் ரகங்களுக்கு மட்டுமே. தரமான பல்பும் எல்லாக் காருக்கும் பொருந்தாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

சட்டம்

மலேசியாவில் வாகன விளக்குகள் 1959ஆம் ஆண்டின் மோட்டார் வாகன (அமைப்பு, பயன்பாடு) விதிகளுக்கு உட்பட்டவை. கண்ணைக் கூசச் செய்யும் மாற்று விளக்குகளுக்கு சாலைப் போக்குவரத்து இலாகா (ஜேபிஜே) நடவடிக்கை எடுப்பதுண்டு. காரை விற்றுப் பெயர் மாற்றும்போது செய்யப்படும் பரிசோதனையிலும் முகப்பு விளக்கு சரிபார்க்கப்படும்.

முதலில் செய்ய வேண்டியது

வெளிச்சம் மங்குவதற்குப் பல வேளைகளில் பல்பு காரணமாக இருப்பதில்லை. ஹாலஜன் பல்புக்கு வரும் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும். துருப்பிடித்த சாக்கெட், தளர்ந்த எர்த் வயர் ஆகியவற்றைப் பட்டறையில் சோதிக்கச் சொல்ல வேண்டும். மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக் கண்ணாடியை மெருகேற்றலாம். அதன் பிறகும் போதாவிட்டால், பெயர்பெற்ற நிறுவனத்தின் புதிய ஹாலஜன் பல்பை ஜோடியாக மாற்றினால் போதும்.

வெளிச்சம் விழும் உயரத்தையும் பார்க்க வேண்டும். சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி லோ பீமைப் போட வேண்டும். வெளிச்சத்தின் மேல்விளிம்பு, விளக்கின் நடுப்பகுதியைவிட சுமார் 5 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால் அந்த விளிம்பு இடப்பக்கமாக மட்டுமே சற்று மேலேறலாம். பல்பு மாற்றிய பின் இந்த விளிம்பே தெரியாமல் சுவர் முழுதும் வெளுத்திருந்தால், அந்தப் பல்பைக் கழற்றிவிடுவதே நல்லது.

எல்இடி பொருந்தும் இடங்கள்

காருக்குள் எரியும் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு ஆகியவற்றுக்கு எல்இடி நன்றாகப் பொருந்தும், மின்சாரமும் மிச்சம். பிரேக் விளக்கின் சிவப்பு மூடிக்குள் வெள்ளை எல்இடி போட்டால் நிறம் வெளிறிப்போகும்; அதற்குச் சிவப்பு எல்இடிதான் வேண்டும். 21 வாட் சிக்னல் பல்பை எல்இடியாக மாற்றினால் மின்னோட்டம் குறைந்து, பல்பு எரிந்துபோனதாக ரிலே நினைத்துக்கொள்ளும். சிக்னல் படபடவென்று வேகமாக மின்னும். அப்போது ரிலேயையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

கேமரன் மலையில் இன்னும் ஓடும் பழைய லேண்ட் ரோவர்களின் 7 அங்குல வட்ட விளக்குக்கு, முழு எல்இடி விளக்காகவே கிடைக்கிறது. வாங்கும்போது அது இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானதா என்று கேட்டு வாங்க வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான விளக்கு, எதிரே வருபவரின் முகத்தில்தான் அடிக்கும்.

எங்கு வாங்கினாலும் ரசீதைப் பத்திரப்படுத்துவது அவசியம். சொன்னபடி இல்லாத பொருளுக்கு மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். அதற்கான கட்டணம் 5 ரிங்கிட்தான்.

மலைச்சாலையில் எதிரே வருபவர் ஒரு நொடி கண் கூசினால் போதும், வண்டி தடம் மாறிவிடும். எதிரே வருபவர் பக்கத்துத் தோட்டத்துக்காரராகவோ, நம் வீட்டுப் பிள்ளையாகவோ இருக்கலாம்.