கோட்டை வாயிலில் ஒரு கல், வீட்டு மேசையில் ஒரு வழங்கி

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுத முற்படும் எவரும் முதலில் எதிர்கொள்வது ஆவணங்களின் இழப்பையே. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். பிரித்தானியர் 1803இல் பிரட்றிக் கோட்டை எனப் பெயரிட்ட அக்கோட்டையின் வாயிலில், குளக்கோட்டன் திருப்பணி பற்றிய தமிழ்க் கல்வெட்டின் துண்டொன்று இன்றும் இருக்கிறது. உடைந்துபோன மிகுதி வாசகத்தை ஓரளவேனும் நாம் அறிவதற்கு, இடித்தவர்களே அதனை மொழிபெயர்த்து லிஸ்பனுக்கு அனுப்பியமையும் ஒரு காரணம். கல் உடைந்தது, கடல்கடந்த படி தங்கிற்று.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி எரியூட்டப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றுள் அடங்கும். இந்தப் பாடத்தை நம்மவர் மறக்கவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் ஈழத்து எழுத்துகளுக்காகத் தொடங்கிய நூலகம் திட்டமும் இணையத்தைச் சேமிப்பகமாக்கின.

திருகோணமலை வாசிகளுக்கு இன்னொரு பாடமும் உண்டு. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் கைக்குண்டு வெடித்து இறந்ததாகப் படைத்தரப்பு கூறியது. சுடர் ஒளி செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த புகைப்படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அம்மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கின் சந்தேகநபர்கள் 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டனர். படம் எடுத்தவர் இல்லை, நீதியும் இல்லை. எனினும் அச்சேறிப் பரவிவிட்ட அப்படங்களை எவராலும் அழிக்க முடியவில்லை.

இத்தொழிலில் இருக்கும் எனக்கு, சேகரித்த நறுக்குகளையும் படச்சுருள்களையும் ஒரே அலுமாரியில் வைத்திருப்பது அதனால்தான் பொறுப்பற்ற செயலாகப் பட்டது. அவற்றை வருடியில் எண்மமாக்கி, வீட்டிலேயே சிறு கோப்பு வழங்கி ஒன்றை அமைத்தேன். ஒரு சிறு கணினி, ஒன்றின் பிரதியாக மற்றொன்று இயங்கும் இரு வன்தட்டுகள், மின்தடையைச் சமாளிக்க யூபிஎஸ், கருவிகள் இவ்வளவே.

வெளிநாட்டிலுள்ள உறவினரும் ஆய்வாளரும் இதனை அணுகுவதே கடினமான பகுதி. வீட்டு இணைப்பின் ஐபி முகவரி அவ்வப்போது மாறும். மாறும் முகவரியை நிலையான பெயரொன்றுடன் இணைக்கும் டைனமிக் டிஎன்எஸ் சேவை அதற்குத் தீர்வு. ஆனால் பல வாடிக்கையாளருக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக் கொடுக்கும் நிறுவனங்களின் இணைப்பில் அது பயன்படாது. நிலையான ஐபியைக் கட்டணம் செலுத்திப் பெறவேண்டும், அல்லது வெளியே வாடகைக்கு எடுத்த வழங்கியொன்றின் ஊடாக வரவேண்டும்.

ரவுட்டரில் வாயிலைத் திறந்து, கோப்புகளை நேரடியாக உலகுக்குக் காட்டுவது ஆபத்தானது. 2021இலும் 2022இலும் கியூலொக்கர், டெட்போல்ட் எனும் பணயத் தீநிரல்கள் இவ்வாறு திறந்து கிடந்த வீட்டு வழங்கிகளையே பூட்டிப் பணம் கேட்டன. வயர்கார்ட் போன்ற விபிஎன் வழியாக, சாவி உள்ளவர் மட்டும் நுழைவதே தகும். தகவல் தந்தவர்களின் பெயருள்ள குறிப்புகளை இணையத்தோடு இணைக்காமல், மறைகுறியாக்கித் தனியே வைக்கவேண்டும். அவர்களின் உயிர் நமது வசதியை விடப் பெரிது.

இரட்டை வன்தட்டு இருப்பதால் ஆவணம் காப்பாற்றப்பட்டுவிட்டதாக எண்ணலாகாது. ஒன்றில் தவறுதலாக அழிப்பது மற்றதிலும் அக்கணமே அழியும். திருட்டும் உப்புக்காற்றும் இரண்டையும் ஒன்றாகவே கொண்டுபோகும். 2004 டிசம்பர் 26இல் கடல் நகருக்குள் வந்ததைக் கண்டவர்கள் நாம். ஆகவே மூன்று படிகள், இருவகை ஊடகம், அவற்றுள் ஒன்று வெளியூரில் என்னும் விதியைக் கைக்கொள்கிறேன். மூன்றாவது படி கடல்கடந்து உறவினர் வீட்டில் இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை அதிலிருந்து சில கோப்புகளை மீட்டுத் திறந்து பார்ப்பதும் அவசியம்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய பத்திரிகைகளோ குடும்பப் படங்களோ இருப்பின், வழங்கி வரும்வரை காத்திராதீர்கள். இன்றே ஒரு படியெடுத்து, இன்னோர் ஊரில் உள்ள ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.