எண்ணிப் பார்த்த ஊர்



ஒரு நாட்டில் வயது வந்தோருள் எத்தனை பேருக்குத் தைராய்டுக் கோளாறு இருக்கிறது? மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினால் இதற்கு விடை கிடைத்துவிடும் என்று நமக்குத் தோன்றலாம். ஆனால், பதிவேடு மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டுமே அறியும். நோய் இருந்தும் வராதவர்கள் எத்தனை பேர்? நோய் இருப்பதையே அறியாதவர்கள் எத்தனை பேர்? அவர்களையும் சேர்த்து எண்ணிய ஓர் ஊரின் வரலாற்றை இன்று நாம் காண்போம். அவ்வூரின் பெயர் விக்கம். இங்கிலாந்தின் வடகிழக்கே, நியூகாசில் நகரை அடுத்து அது இருக்கிறது.

முதலில் தைராய்டுச் சுரப்பியைப் பற்றிச் சில சொற்கள். கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியைப் போல அது அமைந்திருக்கிறது. அதில் சுரக்கும் தைராக்சின் என்னும் ஹார்மோன், நம் உடலின் வேலைகள் எவ்வளவு விரைவாக நடக்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. அது மிகுந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நன்றாக உண்டாலும் உடல் மெலியும். குறைந்தால் சோர்வும் குளிரும் வாட்டும், முகம் ஊதும், குரல் கரகரக்கும், நினைவு மந்தமாகும். இக்குறைவுதான் நெடுங்காலம் மருத்துவர்களின் கண்ணில் படாமல் இருந்தது. ஏனெனில், அது மெல்ல மெல்ல வரும் நோய். வீட்டில் உள்ளவர்கள்கூட அதை முதுமை என்றோ சோம்பல் என்றோ எண்ணிவிடுவார்கள்.

1873ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் வில்லியம் கல் என்பவர், நடு வயதில் இப்படி முகம் ஊதி, பேச்சும் நடையும் தளர்ந்துபோன ஐந்து பெண்களைப் பற்றி எடுத்துரைத்தார். சில ஆண்டுகளுக்குப் பின் வில்லியம் ஆர்ட் என்ற மற்றொரு மருத்துவர் இந்நோய்க்கு ‘மிக்ஸிடீமா’ என்று பெயரிட்டார். இதை ஆராய்வதற்கென்றே லண்டன் கிளினிக்கல் சங்கம் 1883ஆம் ஆண்டு ஒரு குழுவை அமைத்தது. 1888இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, தைராய்டுச் சுரப்பி செயலிழப்பதே இந்நோயின் காரணம் என்று தெளிவுபடுத்தியது. அதில் ஆராயப்பட்டவர்கள் 109 பேர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். பெரிய மருத்துவர்கள் கூடிப் பல ஆண்டுகள் முயன்றும் நூற்றுச் சொச்சம் பேர்தாம் கிடைத்தார்கள் என்றால், இது மிக அரிய நோய் என்று எவரும் எண்ணுவது இயல்புதானே?

அடுத்த நிகழ்ச்சி நியூகாசிலில் நடந்தது. 1891ஆம் ஆண்டு ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டுச் சுரப்பியிலிருந்து சாறு எடுத்து, மிக்ஸிடீமாவால் துன்புற்ற 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஊசி வழியே செலுத்தினார். அப்பெண்மணி தேறினார். முகவீக்கம் வடிந்தது, பேச்சும் நடையும் மீண்டன. பின்னர் அதே மருந்தை வாய்வழியே உட்கொண்டு, 1919ஆம் ஆண்டு வரை, தம் 74ஆம் வயது வரை அவர் வாழ்ந்தார். அந்த 28 ஆண்டுகளில் அவருக்கு மருந்து செய்ய 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன என்று மரே பிற்காலத்தில் எழுதினார். மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் அம்மருந்து யார் யாருக்குத் தேவை என்பதை அறியும் வழி கிடைக்கவில்லை. நோய் முற்றி முகத்தில் தெரிந்த பிறகே மருத்துவரால் அதை உறுதியாகச் சொல்ல முடிந்தது.

அவ்வழி திறக்க ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆயின. இரத்தத்தில் அணுவளவே கலந்துள்ள ஹார்மோன்களையும் அளந்து காட்டும் முறை ஒன்றை, நியூயார்க்கில் ரோசலின் யாலோ அம்மையாரும் சாலமன் பெர்சனும் 1950களின் இறுதியில் உருவாக்கினார்கள். இதற்காக 1977ஆம் ஆண்டு யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது; பெர்சன் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். 1960களில் இம்முறையைக் கொண்டு, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனையும் அளக்க முடிந்தது.

தூண்டும் ஹார்மோன் என்பது என்ன? தோட்டத்தில் வேலை சுணங்கினால் மண்டோர் குரலை உயர்த்துவார் அல்லவா? அதைப் போல, தைராய்டு சுணங்கினால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி இந்தத் தூண்டும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கும். ஆகவே இரத்தத்தில் அது உயர்ந்திருந்தால், வெளியே நோய் தெரியாவிட்டாலும் உள்ளே சுரப்பி திணறத் தொடங்கிவிட்டது என்று ஊகிக்கலாம்.

இக்கருவியோடு நியூகாசில் மருத்துவர்கள் 1972ஆம் ஆண்டு விக்கத்தில் இறங்கினார்கள். ஏன் விக்கம்? அப்பகுதி நகரமும் சிற்றூரும் கலந்தது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மக்களின் வயதும், ஆண் பெண் விகிதமும், தொழில்நிலையும் பிரிட்டன் முழுவதின் நிலையையும் பெரிதும் ஒத்திருந்தன. ஆகவே அவ்வூரை எண்ணுவது நாட்டையே எண்ணுவதற்குச் சமம் என்று கருதினார்கள். நோயாளிகளை அல்ல, பொதுமக்களை அவர்கள் அழைத்தார்கள். 1974 வரை நடந்த அந்த ஆய்வில் வயது வந்தோர் 2,779 பேர் சோதிக்கப்பட்டார்கள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், கேள்விகள் கேட்டார்கள். முடிவுகள் 1977இல் வெளிவந்தன.

அவர்கள் கண்டவை இவை: கையால் தொட்டு உணரும் அளவு சிறிய கழலை நூற்றுக்கு 8.6 பேருக்கும், கண்ணுக்கே தெரியும் கழலை 6.9 பேருக்கும் இருந்தது. தைராய்டு மிகைச் சுரப்பு ஆயிரம் பெண்களில் 19 பேருக்கு இருந்தது. வெளிப்படையான குறைச் சுரப்பு ஆயிரம் பெண்களில் 14 பேருக்கு இருந்தது. ஆண்களில் மிகைச் சுரப்பு பெண்களில் கண்டதில் பத்தில் ஒரு பங்குதான்; குறைச் சுரப்பு ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை.

ஆயிரம் பெண்கள் கூடியிருக்கும் ஒரு திருமண மண்டபத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே முப்பதுக்கும் மேற்பட்டோருக்குத் தைராய்டு நோய் வந்திருக்கிறது. லண்டன் குழு பல ஆண்டுகள் தேடித் திரட்டியவர்கள் 109 பேர். அரிய நோய் என்று கருதப்பட்டது, உண்மையில் அடுத்த வீட்டு நோய்.

இன்னும் ஒன்று. நூறு பெண்களில் 7.5 பேருக்கும், நூறு ஆண்களில் 2.8 பேருக்கும் தூண்டும் ஹார்மோன் உயர்ந்திருந்தது. பெண்களிடம் 45 வயதுக்குப் பிறகு அது மிகவும் ஏறியது. இது வெறும் முதுமையா? தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் இருந்த பெண்களை நீக்கிவிட்டுக் கணக்கிட்டபோது, அந்த ஏற்றம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. உடலின் காவற்படையே சொந்தச் சுரப்பியைப் பகையாக எண்ணித் தாக்குவதுதான் பெரும்பாலும் காரணம் என்பது இதனால் விளங்கியது. வயதாகிவிட்டது என்று சொல்லி ஒதுக்கப்பட்ட பெண்கள் பலருக்கு, உண்மையில் பெயருள்ள ஒரு நோய் இருந்தது.

இருபது ஆண்டுகளுக்குப் பின் அம்மருத்துவர்களின் வழிவந்தோர் அதே மக்களைத் தேடிச் சென்றார்கள். உயிரோடு இருப்பதாக அறியப்பட்ட 1,877 பேருள் நூற்றுக்கு 96 பேரைப் பற்றிய செய்திகளைத் திரட்டினார்கள். ஆண்டுதோறும் ஆயிரம் பெண்களில் 3.5 பேருக்குக் குறைச் சுரப்பு புதிதாகத் தோன்றியிருந்தது. முதல் ஆய்வில் தூண்டும் ஹார்மோனும் உயர்ந்து, எதிர்ப்பொருள்களும் இருந்த பெண்களில், ஆண்டுக்கு நூற்றுக்கு 4.3 பேர் வெளிப்படையான நோய்க்கு ஆளானார்கள். 1995இல் இம்முடிவுகள் வெளிவந்தன. நோய் வருமுன் அதன் காலடி ஓசையை இரத்தத்தில் கேட்க முடியும் என்பதை விக்கம் காட்டிவிட்டது.

பிற நாடுகளும் இவ்வாறு எண்ணின. அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை நடந்த நாடு தழுவிய ஆய்வில், 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 4.6 பேருக்குக் குறைச் சுரப்பு இருந்தது. ஆனால் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளிப்படையான நோய் உடையவர்கள் 0.3 விழுக்காடுதான். எஞ்சிய 4.3 விழுக்காட்டினருக்குத் தைராக்சின் போதுமான அளவு இருந்தது. தூண்டும் ஹார்மோன் மட்டுமே உயர்ந்திருந்தது.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். இந்த 4.3 விழுக்காட்டினரும் நோயாளிகளா? 65 வயதும் அதற்கு மேலும் உள்ள இத்தகையோர் 737 பேரை வைத்து ஐரோப்பாவில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதியினருக்குத் தைராக்சின் மாத்திரையும், மறு பாதியினருக்கு மருந்தில்லா மாத்திரையும் கொடுத்தார்கள். ஓராண்டு சென்றபின் இரு சாராரின் சோர்விலும் வேறுபாடு காணப்படவில்லை என்று 2017இல் அறிவித்தார்கள். எண்ணாமல் விட்டால் நோயாளியை இழக்கிறோம். எண்ணை மட்டுமே நம்பினால் நலமாக இருப்பவரையும் நோயாளி ஆக்கிவிடுகிறோம். இந்த இரண்டாவது பாடமும் முதற்பாடத்தைப் போலவே அரியது.

நேயர்களே, நம் வீட்டிலும் ஒரு தாயோ அக்காளோ இருக்கலாம். முன்பெல்லாம் விடியுமுன் எழுந்தவர், இப்போது எழவே முடியாமல் தவிக்கலாம். எல்லாருக்கும் புழுங்கும்போது அவர் மட்டும் போர்வை கேட்கலாம். ‘இவளுக்குச் சோம்பல் வந்துவிட்டது’ என்று நாம் சொல்லிவிடுவோம். அச்சொல்லைச் சொல்லுமுன், ஒரு குழாய் இரத்தம் எடுத்துச் சோதிக்கச் செய்வோம். முடிவை மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கேட்போம். தாளிலுள்ள ஓர் எண்ணைக் கண்டு நாமே மருந்தைத் தொடங்கவும் வேண்டா, நிறுத்தவும் வேண்டா. விக்கத்து மக்கள் அன்று நீட்டிய கைகளால்தான், நம் வீட்டுப் பெண்ணின் சோர்வுக்கு இன்று ஒரு விளக்கம் தேட முடிகிறது.