பாரமகால் வேர்கள்: மான்ட்ரியாலில் தொடங்கும் ஒரு வம்சக் கொடி

1776ஆம் ஆண்டு மே 26 அன்று புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுப் படை அதிகாரி இறந்தார். பெயர் பியேர் லகார்தர் த ரெபந்தினி. மாஹேயின் ஆளுநர் பொறுப்பு வரை உயர்ந்தவர். பிரெஞ்சு மன்னரின் சேவகர் என்பதால் பிரான்சில் பிறந்தவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் பிறந்தது கனடாவின் மான்ட்ரியாலில், 1719இல். ஆறு, ஏழு தலைமுறை தள்ளி வம்சக் கொடி வரைய உட்காரும் ஒரு குடும்பத்துக்குப் புதுச்சேரி என்ற பெயர் திடீரென்று எதிரே வந்து நிற்பது இப்படித்தான்.

பாலக்கோட்டை நடுவில் வைத்து எழுதும் தொடரில் மான்ட்ரியாலுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த ஒரே போர் மான்ட்ரியால், புதுச்சேரி என்ற இரண்டு ஊர்களின் தலைவிதியையும் எழுதியது, போகிற போக்கில் நம் வட்டாரத்தையும் தொட்டது என்பதுதான் பதில்.

1760ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடையில் புதுச்சேரியில் இருந்த தளபதி லாலி, ஆங்கிலேயரின் முற்றுகையை எதிர்பார்த்து உதவிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். இந்த லாலியே ஒரு கலப்பு வம்சத்தார்தான்: தந்தை அயர்லாந்திலிருந்து தப்பி வந்த படைவீரர், தாய் பிரெஞ்சுப் பெண். அவருக்குக் கைகொடுக்க முன்வந்தவர் மைசூரின் ஹைதர் அலி. ஹைதரின் மைத்துனர் மக்தூம் அலி, நம் தர்மபுரி வட்டாரம் அடங்கிய பாரமகாலைக் கைக்குள் கொண்டுவந்துவிட்டுப் படையோடு கிழக்கே இறங்கினார். மைசூர் மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் கணவாய்களில் இராயக்கோட்டை வழி முக்கியமானது. அந்த மலைகளின் அடிவாரத்தில்தான் நம் பாலக்கோடு இருக்கிறது. பிரெஞ்சுக்காரருக்குப் போன உதவி நம் வட்டாரத்தைத் தொட்டுக்கொண்டு போன உதவி.

அந்த உதவி போதவில்லை. 1760 செப்டம்பரில் மான்ட்ரியால் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. நான்கே மாதத்தில், 1761 ஜனவரியில், புதுச்சேரியும் சரணடைந்தது. 1763இல் பாரிஸ் உடன்படிக்கை. புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்தது. கனடா ஆங்கிலேயருக்கே போனது.

கனடாவில் அப்போது ஏராளமான பிரெஞ்சுக் குடும்பங்கள் நூறு ஆண்டுகளாக வேரூன்றியிருந்தன. அவர்கள் முன்னால் இரண்டு வழிகள். கப்பலேறி பிரான்சுக்குப் போய் பழைய மன்னருக்கே சேவகம் செய்யலாம். அல்லது பிறந்த மண்ணிலேயே இருந்து புதிய மன்னரை ஏற்கலாம். முதல் வழியில் போனவர் ரெபந்தினி. இரண்டாம் வழியில் நின்ற குடும்பத்துக்குச் சலபெரி என்று பெயர். வியப்பு என்னவென்றால் இரு வழியில் போனவர்களுக்கும் இந்தியாவில்தான் சாவு காத்திருந்தது.

ரெபந்தினியின் கதையில் ஒரு கொலை இருக்கிறது. 1748 ஜனவரியில் கியூபெக் நகரில் நிக்கோலா ஜாக்கன் என்ற வணிகரை அவர் வாளால் குத்தினார். வணிகரை ஊர் ஃபிலிபேர் என்றே அழைத்தது. படை அதிகாரிகளுக்கு வீட்டில் இடம் கொடுக்க வேண்டும் என்ற ஆணையை ஒட்டி எழுந்த தகராறு அது. குத்துப்பட்ட ஃபிலிபேர் இறந்துபோனார். ரெபந்தினி தப்பி ஓடினார். ஆள் இல்லாமலே மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்பு மன்னரின் மன்னிப்பு வந்தது.

இதற்குமேல் ஊர் வாய் கதை கட்டியது. ஃபிலிபேரின் வீட்டு முகப்பில் எலும்பைக் கடிக்கும் பொன்னிற நாய் ஒன்றின் சிற்பமும், பழிதீர்க்கும் நாள் வரும் என்ற பொருளில் சில வரிகளும் இருந்தன. இறந்தவரின் மகன் அந்தச் சபதத்தை நிறைவேற்றக் கடல் கடந்து புதுச்சேரிக்கே வந்து ரெபந்தினியை வாட்போரில் கொன்றான் என்றார்கள். வில்லியம் கிர்பி 1877இல் இந்த நாயின் பெயரிலேயே ஒரு நாவல் எழுதிக் கதையைக் கனடா முழுக்கப் பரப்பிவிட்டார். ஆனால் அந்தக் கல்லில் பொறித்த ஆண்டு 1736. கொலைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முந்தையது. நடக்காத கொலைக்கு யார் முன்கூட்டியே சபதம் செதுக்குவார்கள்? மகன் புதுச்சேரிக்கு வந்தான் என்பதற்கும் சான்று கிடையாது. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் இந்த ஒரு கல்லை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: பாட்டி சொன்ன கதையை மதித்துக் கேளுங்கள், பிறகு ஆண்டைச் சரிபாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ரெபந்தினிக்கு லூயி என்று ஒரு தம்பி. அவரும் படை அதிகாரி, அவரும் கடல்கடந்த ஒரு பகுதிக்கு ஆளுநர். ஆனால் ஆப்பிரிக்காவின் செனகலுக்கு. குடும்பப் பெயரை மட்டும் பார்த்து எழுதுகிறவர்கள் இருவரையும் ஒருவராக்கிவிடுவது மிக எளிது.

இனி சலபெரி குடும்பம். பாட்டனார் மிஷேல் பிரெஞ்சுக் கப்பல் தலைவர். ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டவர். கனடா கைவிட்டுப் போனதும் பிரான்சுக்குத் திரும்பி அங்கேயே இறந்தார். மகனோ கனடாவிலேயே தங்கி, கியூபெக்கை அடுத்த போபோரில் குடியிருந்தார். பேரன்கள் நால்வரும் ஆங்கிலேயப் படையில் சேர்ந்தார்கள். விக்டோரியா மகாராணியின் தந்தை கென்ட் கோமகன் அந்தக் குடும்பத்துக்கு நெருங்கியவர். அவர் செல்வாக்கில்தான் பிள்ளைகளுக்குப் பதவிகள் கிடைத்தன. மூத்தவர் சார்ல் மிஷேல் 1813இல் ஷத்தோகே போரில் அமெரிக்கப் படையைத் தடுத்து நிறுத்தி இன்றைக்கும் கனடாவின் வீரராகப் போற்றப்படுகிறார். கடைசித் தம்பி 1812இல் ஸ்பெயினின் படகோஸ் கோட்டை முற்றுகையில் விழுந்தார். நடுவில் இருந்த இருவர், மோரீஸும் லூயியும், இந்தியாவில் காய்ச்சலில் மாண்டார்கள். எந்த ஆங்கிலேயரோடு பாட்டன் போரிட்டாரோ அவர்களின் சிவப்புச் சட்டையை அணிந்து, பாட்டன் கண்ணாலும் பார்த்திராத நாட்டில் பேரன்கள் புதைந்தார்கள். மூன்று ஆண்டுக்குள் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த போபோர் வீட்டை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

வட அமெரிக்காவின் கை பாரமகாலுக்குள் நேரடியாகவும் நீண்டது. தாமஸ் மன்றோவின் தந்தை கிளாஸ்கோ நகரில் வர்ஜீனியாப் புகையிலை வணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போர் அந்த வணிகத்தை அழித்தது. பிழைப்பு தேடிக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்த மகன் 1780இல் சென்னையில் இறங்கினார். 1792இல் திப்புவிடமிருந்து பாரமகால் கம்பெனிக்கு மாறியபோது, கேப்டன் ரீடின் உதவியாளராகத் தர்மபுரிக்கு வந்து ஏழு ஆண்டுகள் நிலம் அளந்தார், வரி விதித்தார். அமெரிக்காவில் ஒரு போர் நடந்திராவிட்டால் தர்மபுரியில் மன்றோ இல்லை.

இராயக்கோட்டையை 1791இல் ஆங்கிலேயர் பிடித்த பிறகு அங்கே நெடுங்காலம் படை இருந்தது. ஓய்வுபெற்ற சிப்பாய்களும் அதிகாரிகளும் விரும்பிக் குடியேறிய இடமாகவும் அது ஆனது. அப்படிப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்று கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்துகொண்டு மரபணுச் சோதனையில் வரும் இந்தியப் பங்கைப் பார்த்துவிட்டு நம் பக்கம் திரும்புகிறார்கள்.

அவர்கள் தேட வேண்டிய இடங்கள் உண்டு. கனடாப் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குக் கியூபெக் திருச்சபையின் பதிவேடுகள் 1621 முதல் கிடைக்கின்றன. அவற்றைத் தொகுத்து அருட்தந்தை தாங்கே ஏழு தொகுதிகளில் வெளியிட்ட குடும்ப அகராதி இன்றும் முதல் துணை. அங்கே ஒரு பட்டப்பெயர் வழக்கம் இருந்தது. ஜாக்கன் என்பவரே ஃபிலிபேர் ஆனது அதனால்தான். ஒரு பெயரில் கிடைக்காவிட்டால் மற்றதில் தேட வேண்டும். சென்னை மாகாணத்தில் நடந்த கிறித்தவ ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பிரதிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. புதுச்சேரிப் பதிவுகள் 1676 முதல் தொடங்குகின்றன; அவற்றைத் தென் பிரான்சின் எக்ஸ் நகர ஆவணக் காப்பகத்தில் தேடலாம். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ரீடின் பாரமகால் ஆவணங்கள். இவற்றோடு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையும் சேர்க்க வேண்டும். 1736 முதல் 1761 வரை அன்றாடம் புதுச்சேரியில் யார் வந்தார், யார் போனார் என்று தமிழில் எழுதி வைத்த மனிதர் அவர். பிரெஞ்சுக் குடும்ப வரலாற்றுக்கு ஒரு தமிழர் தந்த சாட்சியம் அது.

இத்தனை காகிதத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கியூபெக் பதிவுகளில் மணமான பெண்ணும் தன் பிறந்த வீட்டுப் பெயரோடே எழுதப்பட்டாள். அதனால் தாய்வழியை நூல் பிடித்துப் போகலாம். சென்னை மாகாணப் பதிவேடுகளில் ஐரோப்பியத் தந்தையின் பெயரும் பதவியும் படைப்பிரிவும் இருக்கும். தாய் நம் ஊர்ப் பெண் என்றால், பெரும்பாலும் அவள் பெயர் இராது. இருந்தாலும் ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் மட்டும். ஊர், தந்தை, குலம் ஏதும் கிடையாது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துப்ளேயின் மனைவி ழானின் தாய் ரோசா த காஸ்ட்ரோ என்று நமக்குத் தெரிகிறதென்றால் அது பெரிய இடம் என்பதால். சாதாரண சிப்பாயோடு வாழ்ந்த பெண்ணை எந்த எழுத்தரும் பொருட்படுத்தவில்லை. இதை நான் அநீதி என்றே சொல்வேன். ஆநிரை மீட்டு இறந்த சாதாரண வீரனுக்கும் பெயர் பொறித்து நடுகல் எடுத்த மாவட்டம் இது. ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்தப் பெயர்களைத் தர்மபுரி அருங்காட்சியகத்தில் படிக்க முடிகிறது. இருநூறு ஆண்டுக்கு முன் வாழ்ந்த அந்தப் பெண்களின் பெயர்களை எங்கும் படிக்க முடியவில்லை.

அந்தப் பெயர்கள் மிச்சமிருந்தால் நம் வீடுகளில்தான் இருக்கும். பாலக்கோடு, மாரண்டஅள்ளி, இராயக்கோட்டை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பரணில் கிடக்கும் பழைய கிரயப் பத்திரம், பென்ஷன் சீட்டு, கோயில் அல்லது தேவாலயக் கணக்கு எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தோட்டத்து ஓரத்தில் எழுத்துள்ள கல்லறைக் கல் சாய்ந்து கிடந்தால், அதைத் துவைக்கும் கல்லாக ஆக்கும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். எண்பது வயதைத் தாண்டிய பாட்டி வீட்டில் இருந்தால், அவருடைய அம்மாவின் பெயரையும் அந்த அம்மாவின் அம்மா பெயரையும் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்.

(தொடரும்)