கொம்பு ஒடித்துக் கொண்டுவந்த தோட்டம்

மருந்துக் கடையில் விட்ச் ஹேசல் என்றொரு நீர் புட்டியில் விற்கிறது. பூச்சிக் கடிக்கும் தோல் எரிச்சலுக்கும் தடவுவார்கள். வட அமெரிக்கப் பழங்குடிகள் கிளையைக் காய்ச்சிப் பயன்படுத்திய புதர் அது. 19ஆம் நூற்றாண்டில் கனெக்டிகட்காரர்கள் வடித்துப் புட்டியில் அடைத்தார்கள். இலையுதிர்ந்த குளிரில் மஞ்சள் நாடாவாக இதழ் விரிக்கும் அந்தச் செடிக்கு ஈப்போ வெயில் ஒத்துவராது. ஆனால் அதே குடும்பத்துச் செடி ஒன்று நம் பேரா மலைக்காட்டில் இருக்கிறது: மைங்காயா மலாயானா. தீபகற்ப மலேசியாவைத் தாண்டி உலகில் வேறெங்கும் கிடையாது. மலாக்காவில் மருத்துவராக இருந்த மைங்கே என்பவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். வீட்டு வாசலில் அதை வளர்ப்பவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நம் ஜனங்கள் வளர்த்த புதர்கள் வேறு. அவற்றின் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைத்த கதை நமக்குத் தெரியும். 1877இல் பேராவுக்கு பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த ஹியூ லோ, லண்டனில் நாற்றுப்பண்ணை நடத்திய குடும்பத்தின் பிள்ளை. பிரேசிலிலிருந்து கியூ தாவரத் தோட்டம், சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் நாற்றுகளில் ஒன்பதைக் கோலகங்சாரில் தன் மாளிகைத் தோட்டத்தில் நட்டார். அவற்றில் ஒன்று என்று சொல்லப்படும் மரம் இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. அந்த ரப்பர்ச் செடிதான் பின்னாளில் பேராவின் காட்டையெல்லாம் கித்தா நிரையாக்கி, ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் எங்கள் பாட்டனைக் கப்பலேற வைத்தது.

தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் கதை வேறு. காலனி காலத் தொழிலாளர் சட்டம், குடும்பம் உள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைக் காய்கறி போட ஒதுக்கச் சொன்னது. ஏறக்குறைய 2,700 சதுர அடி. அதுவும் துரையின் நிலம்தான். வேலை போனால் வீடு போகும், வீடு போனால் பாத்தியும் போகும். எங்கள் லயங்களில் மரத்தைவிடப் புதரே அதிகமாக இருந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மா நட்டால் காய்க்கும்வரை அங்கே இருப்போமா என்பது தெரியாது. செம்பருத்தியையும் நொச்சியையும் ஆடாதோடையையும் மருதாணியையும் ஒரு கொம்பு ஒடித்து ஈரச் சாக்கில் சுற்றினால் எங்கும் கொண்டுபோகலாம்.

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் லயத்து வாசலில் அம்மா வைத்திருந்தவை இந்த நான்கும், பின்கட்டில் கறிவேப்பிலையும். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், ஈரப்புல்லில் நடந்து பால் வெட்டுகிற பெண்களுக்குக் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். அவர்கள் மருதாணியை அழகுக்காக மட்டும் அரைக்கவில்லை. இரவில் புண்ணில் அப்பிக்கொண்டு படுப்பார்கள். நொச்சி கொசுவுக்குப் புகை, ஆடாதோடை இருமலுக்குக் கஷாயம், செம்பருத்தி மாரியம்மனுக்கு. 1960இல் அரசாங்கம் செம்பருத்தியைத் தேசிய மலராக அறிவித்தது. எங்கள் கோயிலில் அதற்கு வெகுகாலம் முன்பே அதுதான் அர்ச்சனைப் பூ.

ஜப்பான்காரன் காலத்தில் வாசல் முழுக்க மரவள்ளி ஆகிவிட்டது என்று பாட்டி சொல்வார். அரிசி இல்லை, ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அப்போதும் வேலியோரம் ஒரு மருதாணியை விட்டுவைத்தாராம். பிறகு 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலம் வந்தது. சிதறிக் கிடந்த லயங்களைப் பெயர்த்து முள்கம்பிக்குள் அடைத்தார்கள். அந்தக் குடிபெயர்ப்பிலும் மருதாணிக் கொம்பு கூடவே போனது.

தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது எங்கள் ஊர்க்காரர் சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்க வழி செய்தார். பலருக்கு அந்த வழி கிட்டவில்லை. கித்தா சாய்ந்து செம்பனை எழுந்தது, லயம் காலியானது. நாங்கள் ஈப்போவில் ஒரு தாமான் குடியிருப்புக்கு வந்தோம்.

கிந்தா பள்ளத்தாக்கின் பல தாமான்கள் பழைய ஈயச் சுரங்க நிலத்தில் எழுந்தவை. எங்கள் வாசலும் ஈய மணல்தான். தண்ணீர் நிற்காது, சத்தும் தங்காது. வெறும் மணலில் நட்டால் செம்பருத்தி மஞ்சளித்துப்போகும். குழியை அகலமாக வெட்டி மாட்டெருவும் மக்கிய இலையும் கலந்துகொள்ள வேண்டும். பென்சில் தடிமனில், ஒரு சாண் நீளத்தில் முற்றிய கொம்பு எடுத்து, கீழிலைகளை உருவிவிட்டு நிழலில் வேர்விடச் செய்யுங்கள். பூத்து ஓய்ந்த கிளையை வெட்டிவிட்டால் புதுக்கிளையில் பூ வரும். மாவுப்பூச்சி கண்டால் நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். கறிவேப்பிலைக்குக் கொம்பு சரிப்படாது, வேரிலிருந்து கிளம்பும் கன்றைப் பிரித்து நடுவதே நல்லது. மருதாணியை மேட்டுப்பாத்தியில், நாள் முழுக்க வெயில் படும் பக்கத்தில் வையுங்கள். நிழலில் அது நெட்டையாக வளரும், சிவக்காது. கொம்பு வேண்டுமென்றால் எங்கள் வாசலில் வந்து ஒடித்துக்கொள்ளலாம்.